உள்ளே விட்ட துணி

"எப்போ கிடைக்கும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் டெய்லர் காலங்காலமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார். "நாளைக்கு வாங்க." இதில் அவருக்குக் குற்ற உணர்வு எதுவும் இருந்ததில்லை. வந்தவர் மனம் நோகாமல் திரும்பிப் போகவேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு வந்தால் சொல்வதற்கு இன்னொரு நாளை இருக்கவே இருக்கிறது. கை சுத்தமான வேலைக்காரர் என்பதால் ஊர் திட்டிக்கொண்டே அவரிடம் வந்தது. ஒரு தடவை சொந்த மகள் பள்ளிச் சீருடையைக் கேட்டதற்கும் பழக்கதோஷத்தில், "நாளைக்கு வாம்மா" என்றார். "எங்க வர்றதுப்பா, நான் இங்கதானே இருக்கேன்" என்றாள் அவள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று காலை டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியேறி மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகும். மற்றதன் வழியாகத் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் முழுசாக நான்கு மணி நேரம். இந்த மெஷினிடம் நாளைக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சொன்னால் நாளைக்கு மூச்சு வாங்கும், நாளன்றைக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறும்.

நீளமான அறை. ஜன்னல் பக்கம் ஒரு வரிசை சாய்வு நாற்காலிகள், சுவர்ப் பக்கம் ஒரு வரிசை. ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஆளுயர மெஷின் ஒன்று. ஜன்னல் வரிசைக்கு ஒரு சிஸ்டர், சுவர் வரிசைக்கு இன்னொரு சிஸ்டர். கதை ஜன்னல் வரிசை சிஸ்டரைப் பற்றியது. நடுவயது, கொஞ்சம் பருமன், இடது காலில் செருப்பு சற்றுத் தேய்ந்திருக்கும். பார்த்தால் பிரமிக்க எதுவும் இல்லை.

டெய்லருக்கும் முதலில் எதுவும் தெரியவில்லை. படுத்துக் கிடப்பவனுக்கு வேறு என்ன வேலை? பார்த்துக்கொண்டே இருந்தார். அளவெடுத்துப் பழகிய கண் அது. எதையாவது அளக்காமல் இருக்க அதற்குத் தெரியாது. பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று பிடிபட ஆரம்பித்தது.

அவள் எல்லோரையும் ஒரே மூச்சில் மெஷினில் போட்டுவிட மாட்டாள். ஒருவருக்கு ஊசி குத்தி, குழாய் மாட்டி, பிரஷர் பார்த்து, ரத்தம் ஓடத் தொடங்கியதும் ஒரு நிமிடம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகுதான் அடுத்தவர். அடுத்தடுத்த அடுப்பில் இடைவெளி விட்டுப் பாத்திரம் ஏற்றுகிறவளைப் போல. ஏறியது இடைவெளி விட்டு என்பதால், இறங்குவதும் இடைவெளி விட்டே வரும். ஊசியைப் பிடுங்கினால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ரத்தம் நிற்கும்வரை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் முடிந்தால் அவளுக்கு நான்கு கை வேண்டும். இருப்பது இரண்டு. அந்த இரண்டு கைக்குத் தகுந்தபடி காலை முழுவதையும் வெட்டி வைத்திருந்தாள். துண்டு துணி வீணாகவில்லை. அப்படி வெட்ட எத்தனை வருடம் ஆகும் என்பது டெய்லருக்குத் தெரியும்.

அதைவிட அவரைக் குழப்பியது வேறொன்று. எல்லோரையும் ஏற்றி முடித்ததும் அவள் உட்கார்ந்துவிடுவாள். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். பாதிக் காலை கழிந்திருக்கும்; சுவர்ப் பக்கத்து சிஸ்டர் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருப்பாள். இவள் சும்மா இருப்பாள்.

"என்னக்கா, சிம்மாசனத்துல உக்காந்தாச்சா?" என்பாள் அந்த சிஸ்டர், ஓடிக்கொண்டே.

"நீயும் ஒண்ணு வாங்கிப் போடு. நானா வேணாங்கறேன்?"

ஒரு நாள் டெய்லரே கேட்டுவிட்டார். "சிஸ்டர், நீங்க மட்டும் ஓடறதே இல்லையே?"

"நானும் ஓடுனவதாண்ணே. வந்த புதுசுல. ஒரு நாள் ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சு நிறுத்தி, 'யம்மா, நீ ஓடும்போதெல்லாம் யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குப் படபடன்னு வருது'ன்னார். பிரஷர் பாத்தேன். நெஜமாவே ஏறியிருந்துச்சு. அன்னையோட விட்டேன்."

"சரி, ஓட வேணாம். உக்காரணுமா?"

அவள் சிரித்தாள். "உக்காந்தாதான் தெரியும்ணே, யாரு எப்படி இருக்காங்கன்னு. ஓடறப்போ போற இடம் மட்டும்தான் தெரியும்."

அதன்பிறகுதான் அவர் அவளுடைய கைகளைக் கவனித்தார். சும்மா உட்கார்ந்திருந்தவளின் கைகள் சும்மா இல்லை. பிளாஸ்திரியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தட்டின் விளிம்பில் வரிசையாகத் தொங்கவிட்டன. பஞ்சுத்துணியை மடித்து அடுக்கின. இன்னும் ஒருவரும் இறங்கவில்லை. இறங்கும்போது வேண்டியது எல்லாம் அவரவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. கண்கள் மட்டும் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன.

இவ்வளவும் சரிதான். ஒரு நாள் காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட புருஷன் சொன்னதைக் கேட்டு வரிசையே சிரித்தது. "இவளா நேரம் பாக்கறவ? வீட்டுல ஒரு கடிகாரத்தைக்கூட நிமிந்து பாக்க மாட்டா. அடுப்புல பாலை வெச்சுட்டு எங்க போறான்னே தெரியாது. பொங்கி வழிஞ்சு பாத்திரமே கரியாப் போச்சு."

"அங்க நீங்க இருக்கீங்களே" என்றாள் அவள், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "பாத்துக்கறதுக்கு."

*

டெய்லருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரிய கூட்டமெல்லாம் இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். மாப்பிள்ளை மறுநாளே வெளியூர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அலுவலகம் கொடுத்த நாளோ டெய்லருக்கு டயாலிசிஸ் நாள். தாயில்லாத பெண் அவள். சாட்சிக் கையெழுத்து அப்பாதான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

பள்ளியில் அவள் பரிசு வாங்கிய நாளில் அவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும், கடையில் ஒரு கோட்டுக்குக் கை வைத்து முடித்துவிட்டு வருகிறேன் என்றவர்தான். இதையெல்லாம் மகள் சொல்லிக்காட்டவில்லை. "இந்த ஒரு தடவைப்பா" என்றாள். சொல்லிக்காட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

அவர் ஒரு முடிவோடு சிஸ்டரிடம் போய்க் கல்யாண விவரத்தைச் சொன்னார். "அன்னைக்கு மட்டும் வரல. மறுநாள் வந்து சேத்துப் போட்டுக்கறேன்."

"இன்னைக்கே உடம்புல எவ்வளவு தண்ணி சேத்துட்டு வந்திருக்கீங்க தெரியுமா? முகத்தைக் கண்ணாடில பாருங்க. அன்னைக்கு விட்டீங்கன்னா கல்யாண போட்டோவுல மூச்சு வாங்கிட்டு நிப்பீங்க." பிறகு அவள் கேட்டது அவர் எதிர்பார்க்காத கேள்வி. "அந்தப் பதிவு ஆபீசர் எப்போ எந்திரிச்சு வீட்டுக்குப் போவார்?"

"காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"அவர் எப்போ வருவார்னு கேக்கலண்ணே. எப்போ போவார்னு கேக்கறேன்."

மகளிடம் விசாரித்துச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும் பதிவு உண்டு. நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். "மத்தியானக் கடைசில மாத்திக்கச் சொல்லுங்க" என்றாள் சிஸ்டர். டெய்லருக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. காலை மெஷின் நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடுமே, எதற்கு அவ்வளவு நேரம் தள்ள வேண்டும்? வரவர எல்லோருக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை என்று முணுமுணுத்தார்.

அடுத்து அவள் வாத்தியாரிடம் போனாள். ஜன்னல் வரிசையின் முதல் நாற்காலி வாத்தியாருடையது. ஓய்வு பெற்றும் மணியடிப்பதற்கு முன்பே வந்து நிற்கும் மனிதர். முதலில் ஏறி முதலில் இறங்குவது அவருடைய உரிமை. யாரும் கேட்டதில்லை, அவரும் விட்டதில்லை.

"சார், ஒரே ஒரு நாள். டெய்லரண்ணன் முதல்ல ஏறிக்கட்டும். பொண்ணு கல்யாணம்."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஆளு என் பேன்ட் துணியை எப்போ வாங்கி வெச்சார் தெரியுமா? மழைக்காலத்துல. இப்போ வெயில் கொளுத்துது."

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார் டெய்லர்.

"வாயைத் திறக்காதய்யா. சரி, ஏறிக்கோ. உனக்காக இல்ல, உன் பொண்ணுக்காக."

*

கல்யாண நாளன்று டெய்லர் புதுச்சட்டையோடு வந்தார். விடிய விடிய உட்கார்ந்து மகளுடைய உடுப்பை முடித்துவிட்டுத் தனக்கும் ஒன்று தைத்திருந்தார். சட்டையின் இடது கையில் தோளிலிருந்து முழங்கைவரை ரகசியமாகப் பொத்தான்கள். திறந்தால் கை மட்டும் வெளியே வரும். மூடினால் கல்யாணச் சட்டை.

சிஸ்டர் பொத்தான்களைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள். "இந்த வித்தையை இவ்வளவு நாள் எங்கண்ணே வெச்சிருந்தீங்க? சட்டையைச் சுருட்டிவிடறதுலயே எனக்குப் பாதிக் காலை போகுது."

எல்லாம் நூல் பிடித்தது போல நடந்தது. முதல் ஆளாக ஏறினார். மற்றவர்கள் இடைவெளி விட்டு ஏறினார்கள். சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்திரி வெட்டத் தொடங்கினாள். டெய்லர் கண்ணை மூடி, மகள் கையெழுத்துப் போடுவதைக் கற்பனை செய்துகொண்டிருந்தார்.

அப்போது வரிசையில் இருந்த எல்லா மெஷினும் ஒன்றாகக் கத்தின.

பின்பக்கம் மெஷின்களுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்திகரிக்கும் அறை இருந்தது. அதைக் கவனிக்கிறவரை எல்லோரும் தண்ணிக்காரர் என்பார்கள். அவர் ஈரக் கையோடு ஓடிவந்து, "மோட்டார் நின்னு போச்சு சிஸ்டர், பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார். சுவர்ப் பக்கத்து சிஸ்டர் எந்த மெஷினை முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். ஜன்னல் பக்கத்து சிஸ்டர் எழுந்தாள். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மெஷினின் சத்தத்தையும் அணைத்துக்கொண்டே வந்தாள். சத்தத்தை அணைத்த கையால் அந்தந்த ஆளின் தோளையும் தொட்டாள். "தண்ணி நின்னிருக்கு, பயப்படாதீங்க. ரத்தம் சுத்திக்கிட்டுதான் இருக்கு, சுத்தம்தான் ஆகல. வந்துடும்." அதே வார்த்தைகள், அதே குரல், ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோல.

டெய்லரிடம் வந்தபோது மட்டும் ஒன்று சேர்த்துச் சொன்னாள். "நின்ன நேரம் கணக்குல வராதுண்ணே. பின்னாடி ஓட்டிக்கணும்."

"அப்போ என்னை அவுத்து விட்டுடுங்க." அவர் வலது கையை ஊன்றி எழப் பார்த்தார். "இது போதும். நான் போறேன்."

"போதாது."

"என் பொண்ணு அங்க நின்னுக்கிட்டிருப்பாம்மா."

"நிக்க மாட்டா. மத்தியானத்துக்கு மேலதானே வரச் சொல்லியிருக்கோம்? இப்போ அவ வீட்டுல தலை சீவிக்கிட்டிருப்பா."

டெய்லருக்கு அந்தக் கணத்தில்தான் கண் திறந்தது. சட்டை தைக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டுவிடுவார். வெளியே பார்த்தால் தெரியாது, வீண்போலக்கூட இருக்கும். போட்டிருப்பவர் பெருத்துப்போனால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். உள்ளே துணி விடாமல் தைக்கிறவனை அவர் தொழில்காரனாகவே மதித்ததில்லை. இவள் நாளைத் தைத்த விதம் அதுதான். நாற்காலிக்கு நாற்காலி விட்ட இடைவெளி, அந்த ஸ்டூல், மத்தியானக் கடைசி, எல்லாம் உள்ளே விட்ட துணி. துணியில் இத்தனை கவனமாக இருந்தவர், வாழ்நாளில் ஒரே ஒரு பொழுதுக்காவது ஓரத்தில் கொஞ்சம் விட்டதுண்டா?

மோட்டார் வெகுநேரம் கழித்துத்தான் உயிர் பெற்றது. விட்டிருந்த துணியில் பாதிக்குமேல் பிரிந்துவிட்டது. இனி இன்னொரு தடங்கல் வந்தால் தாங்காது என்பது அவருக்குத் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதும் கண்ணை மூடுவதுமாகக் கிடந்தார்.

ஒருவழியாக அவருடைய மெஷின் முடிந்ததற்கான ஓசையை எழுப்பியது. சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். வைத்தவள் நின்றாள். தலையைத் திருப்பினாள்.

மூன்று நாற்காலி தள்ளிக் காய்க்காரம்மா படுத்திருந்தார். சந்தையில் காய் விற்கிறவர், சத்தமாகப் பேசுகிறவர். அன்று காலையிலிருந்து அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். இப்போது பேச்சு நின்றிருந்தது. எந்த மெஷினும் கத்தவில்லை. சத்தம் நின்றதுதான் சிஸ்டரைத் திருப்பியது.

போய்ப் பார்ப்பதற்குள் அந்தம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. சிஸ்டர் நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினாள், சலைனைத் திறந்துவிட்டாள். "அக்கா, என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க. தக்காளி என்ன விலை?"

பதில் இல்லை. சுவர்ப் பக்கத்து சிஸ்டர் ஒருவருக்கு ஊசி பிடுங்கிய இடத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். கையை எடுக்க வழியில்லை. டெய்லருடைய மெஷின் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. வெளியே அவருக்காகச் சொல்லிவைத்த டாக்சி ஹாரன் அடித்தது.

சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தம்மாவின் தாடையில் ஒரு கை, மணிக்கட்டில் ஒரு கை. அவசரம் இல்லாத முகம். இந்த உலகத்தில் அவளுக்கு வேறு வேலையே கிடையாது, இந்த ஒரு மனுஷியின் கண் திறப்பதைப் பார்க்கத்தான் பிறந்து வந்திருக்கிறாள் என்பதுபோல நின்றாள். அவள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நொடியும் தன் மகளுடைய நேரத்திலிருந்து போகிறது என்பது டெய்லருக்குத் தெரிந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கோயில் வாசலில் நிற்கிறவர்போல அந்த முகத்தையே பார்த்துக் கிடந்தார். சற்று முன்புவரை அந்த முகம் தனக்காக இப்படி இருந்தது. நாளைக்கு வாத்தியாருக்காக இருக்கும். இத்தனை பேருக்குப் பகிர்ந்தும் அது எப்படி ஒவ்வொருவருக்கும் முழுசாகக் கிடைக்கிறது?

"என்ன விலைக்கா?" என்றாள் சிஸ்டர் மறுபடியும்.

"உனக்குன்னா... குறைச்சுத் தர்றேன்" என்றது ஈனக்குரல்.

வரிசை முழுவதும் மூச்சு விட்டது. அந்தம்மாவின் உதட்டில் நிறம் ஏறும்வரை சிஸ்டர் நகரவில்லை. சுவர்ப் பக்கத்தவள் கை காலியாகி ஓடிவந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான், கையுறையை மாற்றிக்கொண்டு டெய்லரிடம் வந்தாள்.

அதன்பிறகு நடந்ததை அவர் பல நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவள் எதையும் தேடவில்லை, எதற்கும் எட்டவில்லை. மடித்த பஞ்சுத்துணி கைக்கடியில் இருந்தது. பிளாஸ்திரி விரல் போகும் இடத்தில் தொங்கியது. ரத்தம் கையில் திரும்பி ஏறியது, ஒரு ஊசி வந்தது, அவரே அழுத்திக்கொண்டார், மறு ஊசி வந்தது, அவள் அழுத்தினாள். நல்ல கத்தரிக்கோல் துணிக்குள் போகும்போது ஒரு சத்தம் வருமே, அப்படி இருந்தது.

கட்டுப் போட்டதும் எழப்போனார். அவள் தோளில் கை வைத்தாள்.

"உக்காருங்க."

"டாக்சி..."

"அவன் நிப்பான். பிரஷர் பாக்காம விடமாட்டேன். போற வழியில நீங்க விழுந்தா, நான் காலையிலருந்து செஞ்சதெல்லாம் வீண்."

உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவசரமே இல்லாமல். அந்த நேரத்தைக்கூட அவள் முன்பே எண்ணி வைத்திருந்தாள் என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது. சட்டைக் கையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவளே பூட்டிவிட்டாள்.

"யோவ், ஓடு" என்றார் வாத்தியார் அடுத்த நாற்காலியிலிருந்து.

"ஓட வேணாம்" என்றாள் சிஸ்டர். "நடந்து போங்க."

*

நடந்துதான் போனார். பதிவு அலுவலகத்து மாடிப்படியைப் பிடித்து ஏறி வராந்தாவுக்கு வந்தபோது, மகளும் மாப்பிள்ளையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கூப்பிடவில்லை. இவர்களுக்கு முன்னால் ஒரு ஜோடி பாக்கி இருந்தது.

மகள் அப்பாவைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். "என்னப்பா, வந்துட்டீங்க?"

"வரச் சொன்னியே."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். கூப்பிடும்வரை செய்ய ஒன்றும் இல்லை. நேரம் மிச்சமிருந்தது. இதுவரை அப்படி ஒரு பொருள் அவர் கைக்கு வந்ததே இல்லை என்பதால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளுடைய கைப்பட்டை ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதைப் பல்லால் கடித்து எடுத்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுமுறை டயாலிசிஸுக்குப் போனபோது முதல் நாற்காலியில் வாத்தியார் பழையபடி உட்கார்ந்திருந்தார். "கல்யாணம் முடிஞ்சுதா? நல்லது. என் பேன்ட்?"

"நா..." என்று வாய் தானாகத் திறந்தது. டெய்லர் நிறுத்திக்கொண்டார். ஜன்னலோரம் ஸ்டூலில் இருந்த சிஸ்டர் பிளாஸ்திரி வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டார். "வெட்டித் தைக்க வியாழக்கிழமை போதும் சார். நடுவுல மெஷின் ஒரு நாள். ஊசி உடைஞ்சா, கரன்ட் போனா... சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வாங்க."

சனிக்கிழமை பேன்ட் இஸ்திரி போட்டுக் கொக்கியில் தொங்கியது. உடம்பில் தண்ணீர் ஏறி இறங்குகிற மனிதர் என்று இடுப்பில் உள்ளே நிறையவே துணி விட்டிருந்தார். கூடவே, கையில் பொத்தான் வைத்த சட்டை ஒன்று. விளக்குப் போடும்வரை டெய்லர் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் வரவில்லை. திங்கட்கிழமைதான் வந்தார்.

"சனிக்கிழமைன்னு சொன்னேனே சார்?"

"நீ சனிக்கிழமைன்னு சொன்னா திங்கக்கிழமைன்னு ஊருக்கே தெரியுமே" என்றார் வாத்தியார், கொக்கியில் தொங்குவதை இன்னும் பார்க்காமல்.